அலூவும் ஏ.எல்.யூவும்: பேய்க்கும் சிப்புக்கும் உறவு உண்டா?

அஸ்தம்பட்டி:
சேலத்தில் கல்லூரி வினாடி வினாவுக்குக் கேள்வி தயாராகுது. "கணினியின் ஏ.எல்.யூ, சுமேரியப் பேயின் பெயரால் வந்தது" என்று ஒருவர் எழுதித் தந்திருக்கார். போடலாமா? கூட்டல், கழித்தல் செய்யும் ஏ.எல்.யூ சிப்பான 74181-ஐ மேடையிலும் காட்டணும். 3+4 கொடுத்தா 8 வருது. பேய் வேலையோ?

செவ்வாய்ப்பேட்டை:
பேய் இல்லீங்க, 7ஆம் கால். இந்தச் சிப்பில் உள்வரும் கேரி (முந்தைய இலக்கத்திலிருந்து ஏறும் 1) தலைகீழ். 8ஆம் கால் தரையில் (0 வோல்ட்), 3, 4, 5, 6 கால்களில் வரிசையா 1001, ஏழாவதை 5 வோல்ட்டில் வையுங்க, 7 வரும். தரையில் வெச்சா ஒன்று கூடும். கழித்தலுக்கு 0110, அப்போ மட்டும் ஏழாவது தரைக்குப் போகணும், இல்லேன்னா விடையில் ஒன்று குறையும். 16ஆம் காலில் வெளிவரும் கேரியும் தலைகீழ்தான். எந்த உள்ளீட்டையும் தொங்க விடாதீங்க, டிடிஎல் (இந்தச் சிப்பின் சுற்று வகை) அதை 1 என்று எடுத்துக்கும்.

பெயர் விஷயம்: ஏ.எல்.யூ என்பது அரித்மெட்டிக் லாஜிக் யூனிட், அவ்வளவுதான். பேயை நாகலூர்க்காரர் சொல்லட்டும்.

நாகலூர்:
சுமேரியத்தில் அலா, அக்காடியத்தில் அலூ. மந்திரப் பாடல்களில் அதுக்கு வாயே கிடையாது. இரவில் ஆள்மேல் துணி மாதிரி கவிஞ்சு மூடும். நம்ம அமுக்குவான் பேய்க்குப் பக்கத்து வீடு.

ஆங்கில எழுத்தில் மேல்குறியை விட்டுட்டா இன்னொரு வம்பு. அக்காடியத்தில் 'ஆலு' என்றால் ஊர். 'ஊர் மேட்டில் அமைந்தால்' என்று தொடங்கும் சகுனத் தொகுப்பு 'ஷும்மா ஆலு', நூறு களிமண் பலகைக்கு மேல். தலைப்பைப் பார்த்துப் பேய் நூல்னு எடுத்துடாதீங்க. தமிழில் எழுதினா குறில் நெடிலே பிரிச்சுக் காட்டிடும்: பேய் அலூ, ஊர் ஆலு.

அஸ்தம்பட்டி:
மரபணுப் பாடத்திலும் அலு வருதே?

நாகலூர்:
அதுவும் சுருக்கம்தான், கணக்கு வேற. ஆர்த்ரோபாக்டர் லூட்டியஸ் என்ற பாக்டீரியா: ஆங்கிலத்தில் முதல் சொல்லில் ஓரெழுத்து (A), இரண்டாவதில் ஈரெழுத்து (lu). அதன் நொதி டிஎன்ஏவில் ஏஜிசிடி என்ற எழுத்து வரிசையைக் கண்டா ஜிக்கும் சிக்கும் நடுவில் வெட்டும். அந்த வெட்டால் அடையாளம் தெரிஞ்ச, சுமார் 300 எழுத்து நீளத் துண்டுக்கும் அதே பெயர். மனிதனிடம் 10 லட்சம் பிரதிக்கு மேல். மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

ஏற்காட்டு பாக்சைட்டை (அலுமினியத் தாது) சாக்கா வெச்சு அலுமினியத்தையும் யாராவது கோப்பாங்க. அந்தப் பெயர் படிகாரத்தின் லத்தீன் பெயரான அலூமென்னில் இருந்து வந்தது.

செவ்வாய்ப்பேட்டை:
ஒண்ணு விட்டுப்போச்சு. இரண்டு எண்ணும் சமமான்னு 14ஆம் காலில் காட்டணும்னா 0110-லேயே இருங்க, ஏழாவதை மறுபடி 5 வோல்ட்டுக்கு மாத்துங்க. அந்தக் கால் ஓப்பன் கலெக்டர், தானா 5 வோல்ட் தராது. 1 கே ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்குப் போடாம எல்ஈடி எரியாது.