செல்லுக்குள் பாகுநிலை அளக்கும் சாயங்கள்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

தொடங்கியவர் (கரிம வேதியியல்)

பாகுநிலையை, அதாவது திரவம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை, ஒளிர்ந்து காட்டும் சாயம் குடுவையில் ஒழுங்காக நடந்துகொண்டு, செல்லுக்குள் போனதும் வேறு முகம் காட்டியது உண்டா? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்பவை போடிபை வகை (போரான் உள்ள ஒளிரும் சாயக் குடும்பம்). நடுவில் ஒரு ஃபீனைல் வளையம் (ஆறு கார்பன் வளையம்) இருக்கும். ஒளியை வாங்கியதும் அது திரும்பப் பார்க்கும். சுற்றிலும் மெத்தனால் மாதிரி இளகிய திரவம் என்றால் தடையின்றித் திரும்பி, வாங்கிய ஆற்றலை வெப்பமாக விட்டுவிடும். கிளிசராலில் திரும்ப வழியில்லை, அதனால் ஒளிரும். ஒளிர்வையும் பாகுநிலையையும் மடக்கை அளவில் வரைந்தால் நேர்கோடு வரும் என்று 1971-லேயே ஃபோர்ஸ்டரும் ஹாஃப்மனும் காட்டிவிட்டார்கள். எங்களுக்கும் கோடு அழகாக விழுந்தது, கைடுக்கு ஒரே சந்தோஷம்.

செல்லில் போட்டால் உள்ளே புள்ளி புள்ளியாகப் பளிச். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "அங்கே பாகுநிலை அதிகம்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. சாயம் அங்கே போய்க் குவிந்திருந்தாலும் பளிச்சென்றுதானே தெரியும்? அதனால் ஒரு ஜோடிச் சாயம் செய்தேன். அதே போடிபை, ஆனால் ஃபீனைலுக்கு இருபுறமும் உள்ள 1, 7 இடங்களில் மெத்தில் (ஒரு கார்பன் தொகுதி). அந்த மெத்தில்கள் இடிப்பதால் ஃபீனைல் திரும்பாது, எந்தத் திரவத்திலும் நன்றாகவே ஒளிரும். அதைப் போட்டபோதும் அதே இடங்களில் அதே புள்ளிகள்! பிரகாசம் சொன்னது சாயத்தின் முகவரியை மட்டும்தான்.

அப்புறம் வேறொரு நிறுவனத்தில் கெஞ்சி நேரம் வாங்கி ஒளிர்வு ஆயுளை (ஒளியை வாங்கிய மூலக்கூறு அதைத் திருப்பி விடும்வரை சராசரியாக எடுக்கும் நேரத்தை) அளந்தோம். சாயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை ஆயுள் கண்டுகொள்ளாது (மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாத வரை). இளகிய திரவத்தில் ஒரு நானோநொடிக்கும் கீழே இருக்கும், கிளிசராலில் நான்கை நெருங்கும். புள்ளியிலும் அதைச் சுற்றியும் ஆயுளில் பெரிய வித்தியாசம் இல்லை.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மரீனா குய்மோவா குழு 2008-இல் இப்படி ஆயுளை அளந்தபோது சுமார் 140 சென்டிபாய்ஸ் (பாகுநிலையின் அலகு) கிடைத்தது. தண்ணீர் வெறும் 1. அது மொத்த செல்லின் எண் இல்லை, கொழுப்பை நாடும் அந்தச் சாயம் போய் உட்கார்ந்த இடத்தின் எண்.

மறுமொழி: செல் உயிரியல் மாணவன்

அக்கா, நீங்கள் சொன்ன முகவரிப் பிரச்சினை எனக்கு மைட்டோகாண்ட்ரியாவில் வந்தது. வாலில் ட்ரைஃபீனைல்பாஸ்போனியம் வைத்த சாயம். அதன் நேர்மின்னூட்டத்தை மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். மருந்து கொடுத்து அந்த மின்னழுத்தத்தைக் கலைத்ததும் ஒளிர்வு விழுந்தது. பாகுநிலை குறைந்துவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லாததால் சாயம் பாதி வெளியே வந்து செல் முழுக்கப் பரவியிருந்தது.

இன்னொன்று. மொனென்சின், நிஸ்டாட்டின் (சவ்வு வழியே அயனிகள் போவதைக் குலைக்கும் மருந்துகள்) கொடுத்து, ஒரே நிறத்தில் பிரகாசம் கூடியதைக் காட்டி, "பாகுநிலை உயர்ந்தது" என்று முடிக்கும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. ஆயுளோ, இரு நிற விகிதமோ (சாயத்தின் அளவைச் சாராதபடி இரண்டு நிற ஒளிர்வுகளை ஒப்பிடுவது) இல்லாமல் அதை எப்படி ஒத்துக்கொள்வது? எனக்குக் கோபம்தான் வருகிறது.

மறுமொழி: கருவி பார்க்கும் ஆள்

கிளிசரால் பாட்டிலை யாரும் திட்டவில்லையே! 20 டிகிரியில் சுத்தக் கிளிசரால் சுமார் 1,400 சென்டிபாய்ஸ். எடையில் பத்து சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 220 பக்கம் வந்து நிற்கும். மழைக்காலத்தில் மூடியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை அதுவே குடித்துக்கொள்ளும். 30 டிகிரிக்குப் போனாலே பாகுநிலை பாதிக்கும் கீழே. செல்லை 37-இல் வைத்துவிட்டு, அளவுத்திருத்தக் கோட்டை (ஒளிர்வைப் பாகுநிலை எண்ணாக மாற்ற உதவும் கோட்டை) ஏசி அறையில் போட்டால் அந்த எண்ணை நான் நம்பமாட்டேன்.

இது புதுக் கூத்தும் இல்லை. காசநோய்ச் சளிப் பரிசோதனையில் போடும் ஆரமின் ஓ சாயமும் இப்படித் திரும்பும் பாகம் கொண்ட சுழலிதான். அதன் ஒளிர்வு பாகுநிலையோடு மாறுவதை ஆஸ்டரும் நிஷிஜிமாவும் 1956-இல் எழுதியிருக்கிறார்கள்.

தொடங்கியவர்

சரிதான் அண்ணா. கூடவே ஒன்று: மெத்தனாலும் கிளிசராலும் முனைவுள்ள (மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்த) திரவங்கள், எங்கள் சாயம் உட்காருவதோ கொழுப்பில். ஆமணக்கெண்ணெயையும் டொலுயீனையும் கலந்து இன்னொரு கோடு போட்டுப் பார்த்தோம். இரண்டு கோடும் ஒன்றாக விழுந்த சாயத்தை மட்டும் வைத்துக்கொண்டோம், மற்றவை பாகுநிலையோடு முனைவுத்தன்மையையும் சேர்த்து அளக்கின்றன.

தம்பி, சாயம் சவ்விலேயே நிற்க வேண்டுமென்றால் இரண்டு நிரந்தர நேர்மின்னூட்டம் வைத்துப் பாருங்கள், உள்ளே நழுவாது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு இதுவரை எனக்கு வழி அமையவில்லை. மின்னழுத்தம் போனாலும் வெளியேறாதபடி அங்குள்ள புரதத்தோடு பிணைத்து வைத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.