காற்றில்லாத நாளில் கடல்

குழு: கடியப்பட்டணம் வீடு

மாலை 4:12
சூசை சித்தப்பா: நாளை அதிகாலை மூன்று மணிக்கு வள்ளம் இறக்குகிறேன். ஜெபின், ஐஸ் சொல்லிவிட்டாயா? கைபேசியில் பார்த்தேன், காற்று மணிக்கு 12 கிலோமீட்டர்தான். கச்சான் காற்று, மேற்கிலிருந்து அடிப்பது, இன்னும் எழவில்லை. வானத்தில் ஒரு கருமேகம்கூட இல்லை.

4:15
ஜெபின்: சொல்லிவிட்டேன் சித்தப்பா. மூன்று பெட்டி.

4:21
ஷர்மிளா: சித்தப்பா, கொஞ்சம் பொறுங்கள். ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் கடல் தகவல் மையத்திலிருந்து நம் கரைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருக்கிறது. இன்று நள்ளிரவிலிருந்து நாளை இரவு வரைக்கும். அலையின் இடைவெளி 18 வினாடி என்று போட்டிருக்கிறார்கள்.

4:26
சூசை சித்தப்பா: மக்களே, எச்சரிக்கை வாராவாரம் வருகிறது. "சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65" என்று எழுதியிருந்தால் நானே வள்ளத்தைத் தொடமாட்டேன். இதில் காற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

4:27
ஷர்மிளா: எனக்குப் பயம் அதனால்தான் சித்தப்பா. இந்த அலையை எழுப்பிய காற்று இங்கே இல்லை. தெற்கே, ஆஸ்திரேலியாவுக்கும் கீழே போகிற கடலில் நான்கைந்து நாளுக்கு முன் அடித்து ஓய்ந்திருக்கும். அங்கிருந்து நமக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர். 18 வினாடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நகரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்து நாள் வருகிறது. நம் கைபேசி இந்த இடத்துக் காற்றைத்தானே காட்டுகிறது.

4:31
லூர்து அத்தை: அம்மா கேட்கிறார்கள், சுனாமியா என்று. 2004-இல் குளச்சலில் பார்த்தது இன்னும் அவர்கள் மனதில் இருக்கிறது. கை நடுங்குகிறது. உடனே பதில் சொல், ஷர்மிளா.

4:32
ஷர்மிளா: இல்லை அத்தை, சுனாமி இல்லவே இல்லை. அது கடலடியில் நிலம் அசைந்து வருவது. இது காற்று எழுப்பிய அலை, தொலைவிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். பாட்டியிடம் "கள்ளக்கடல்" என்று சொல்லுங்கள், அவர்களுக்கே தெரியும். விஞ்ஞானிகளும் ஆங்கிலக் கட்டுரைகளில் நம் கரையோரத்துச் சொல்லைத்தான் அப்படியே எழுதுகிறார்கள்.

4:38
லூர்து அத்தை: சொன்னேன். "கள்ளன் வரும்போது நாய்கூடக் குரைக்காது, காற்றும் இரையாது" என்கிறார்கள். அப்பா காலத்தில் ஒரு சித்திரை மாதம் வலைக்குடிலைக் கடல் கொண்டுபோன கதையை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

4:40
சூசை சித்தப்பா: கள்ளக்கடல் எனக்குத் தெரியாதா? ஆனால் இப்போது கரையில்தான் நிற்கிறேன். கடல் எண்ணெய் ஊற்றினது மாதிரி கிடக்கிறது. முழங்கால் உயரத்துக்குக்கூட அலை இல்லை. விலை நன்றாக இருக்கிறது. ஜூன் முதல் தேதி மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விசைப்படகு ஆட்கள் கட்டிப்போடுவார்கள், அதன்பின் கச்சான் எழுந்து நம்மையும் கட்டிப்போடும். இருக்கிற நாளை விடச் சொல்கிறாய்.

4:44
ஷர்மிளா: சித்தப்பா, ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அலையின் உயரத்தை விட்டுவிடுங்கள், இடைவெளியை எண்ணுங்கள். ஓர் அலை மடிகிற நேரத்தில் தொடங்கி, அதற்குப் பிறகு பத்தாவது அலை மடியும்வரை எவ்வளவு நேரம் என்று பார்த்துச் சொல்லுங்கள். நம் காற்றில் எழுகிற சாதாரண அலை என்றால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

4:45
ஜெபின்: நானும் கரைக்கு வருகிறேன்.

5:03
ஜெபின்: மூன்று முறை எண்ணினோம். 3 நிமிடம் 10 வினாடி. 3 நிமிடம் 5 வினாடி. 3 நிமிடம் 15 வினாடி.

5:04
ஷர்மிளா: ஓர் அலைக்கு 19 வினாடி. ஜெபின், இது வந்துகொண்டிருக்கிறது.

5:06
ஷர்மிளா: நீளமான அலை வேகமாக ஓடும். அதனால் முன்னால் வருவது அதுதான், உயரமே இல்லாமல் வரும். உயரமானவை பின்னால் வரும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் ஆழ்கடலில் 500 மீட்டர் இருக்கும் சித்தப்பா. 6 வினாடி அலைக்கு அது 60 மீட்டர்கூட இல்லை. இவ்வளவு நீளமான அலை 250 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணர ஆரம்பிக்கும். கரையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, பின்னால் வருகிற தண்ணீரெல்லாம் குவிந்து எழும். வெளிக்கடலில் தொட்டில் ஆட்டுவது போல் தூக்கி இறக்கும், வள்ளத்தில் இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. திரும்பி வந்து கரை பிடிக்கிற இடத்தில்தான் கவிழ்க்கும்.

5:15
சூசை சித்தப்பா: அது உண்மை. கரை பிடிக்கிற இடம்தான்.

5:16
சூசை சித்தப்பா: என் கூட்டாளி போனதும் அப்படித்தான். காற்றே இல்லாத நாள். மீன்பாடும் நல்ல பாடு. கரைக்குக் கூப்பிடு தூரத்தில் பின்னால் ஒன்று எழுந்தது. நாங்கள் எல்லாரும் மணலில் நின்று பார்த்தோம்.

5:17
சூசை சித்தப்பா: ஜெபின், ஐஸ் வேண்டாம் என்று சொல்லிவிடு.

5:19
லூர்து அத்தை: மாதா காத்தாள். தம்பி, நன்றி.

5:22
ஷர்மிளா: நன்றி சித்தப்பா. வள்ளங்களை இன்றைக்கே மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தவேண்டாம், தண்ணீர் ஏறினால் மோதி உடையும். நாளை அமாவாசை வேறு, கடல் ஏற்றமும் அதிகமாக இருக்கும்.

5:24
சூசை சித்தப்பா: எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். வலைகளைக் கோயில் திண்ணையில் போட்டுக்கொள்ளலாம். தெருவில் இருக்கிற எல்லா இளைஞர்களையும் கூப்பிடு, எட்டு வள்ளம் இருக்கிறது.

5:30
ஜெபின்: அருள்பணியாளரிடம் சொல்லிவிட்டேன். ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்.

5:33
ஷர்மிளா: ஜெபின், நாளை விடுமுறை நாள். வெளியூர்ப் பிள்ளைகள் கடற்கரைக்கு வருவார்கள். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறதல்லவா? அதுவும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள். வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லே தெரியாது. அவர்களிடம் "கடல் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அமைதியாகக் கிடக்கிற தண்ணீரைப் பார்த்துவிட்டு நம்பமாட்டார்கள். கால் நனைக்கக்கூட விடாதீர்கள்.

5:35
ஜெபின்: பாதையின் தலைப்பில் நான்கு பேர் மாறி மாறி நிற்கிறோம் அக்கா. கயிறு கட்டிவிடுகிறேன்.

6:48
சூசை சித்தப்பா: எட்டு வள்ளமும் ஏற்றியாயிற்று. லூர்து அக்கா, அம்மாவை இரவுக்கு மேலத்தெரு வீட்டுக்கு அழைத்துவா.

6:51
லூர்து அத்தை: கோழிகளை விட்டுவிட்டு வரமாட்டார்களாம்.

6:52
சூசை சித்தப்பா: கோழிகளையும் கொண்டுவா. கூடை தருகிறேன்.

மறுநாள் காலை 5:40
ஜெபின்: தண்ணீர் சாலை வரைக்கும் வந்துவிட்டது. இரவு இரண்டரை மணிக்கு ஏற ஆரம்பித்தது. நேற்று வள்ளம் நின்ற இடத்தில் இடுப்பளவு ஆழம். பாட்டி வீட்டு முற்றத்தில் மணல் குவிந்திருக்கிறது, கதவு நன்றாக இருக்கிறது. காற்று இப்போதும் இல்லை, ஓலைகூட அசையவில்லை.

5:44
ஷர்மிளா: சித்தப்பா எங்கே?

5:45
ஜெபின்: என் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எண்ணுகிறார். 17 என்று சொல்லச் சொன்னார்.