மஞ்சள் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது, வண்டியை விற்றுவிடலாமா?

சாலைப்பறவை:
அவசரம் நண்பர்களே. டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு, டப்பாவுக்குள் புள்ளி புள்ளியாக இருக்கிற மாதிரி சின்னம், போன வாரத்திலிருந்து எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் சைலன்சர் வரிசையில் ஏதோ பெரிய சாமானையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். சொன்ன தொகை, வண்டி இன்றைக்கு விலைபோகிற தொகையில் கால்வாசி. ஓட்டுவதில் குறை ஒன்றும் இல்லை, மைலேஜ் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாற்றுவதா, இப்படியே விற்றுவிடுவதா? நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

டர்போராஜா:
என்ன வண்டி, எந்த வருடம், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?

நாலாவதுகியர்:
சின்னத்தைப் பார்த்தால் டிபிஎஃப், டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கிற வடிகட்டி. டீசல்தானே? தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? ஸ்கேனரில் என்ன எரர் கோடு (பிழை எண்) வந்தது? இது மூன்றும் தெரியாமல் யார் பதில் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

கரும்புகை:
மட்டமான டீசல் ப்ரோ, வேறொன்றும் இல்லை. பங்க்கை மாற்றுங்கள், இன்ஜெக்டர் கிளீனர் ஒரு பாட்டில் ஊற்றுங்கள், சரியாகிவிடும்.

ஸ்பேனர்:
கிளீனர் ஊற்றி டிபிஎஃப் சரியானதாக நான் பார்த்ததில்லை. கேட்டவருக்கும் சொல்கிறேன், வாங்கும்போது கொடுத்த கையேட்டைத் திறந்து பார்த்தாலே அந்த விளக்கு என்ன என்று இருக்கும். டீசல் வாங்குகிறவர்கள் அதன் அடிப்படையையாவது தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். வடிகட்டியில் கரி சேரும், சூடு 600 டிகிரி அளவுக்கு ஏறினால் அது எரிந்துபோகும், அதற்குப் பெயர் ரிஜெனரேஷன். அரைகுறைத் தூரமே ஓட்டினால் அது பாதியில் நிற்கும், கரி சேர்ந்துகொண்டே போகும். ஹைவேயில் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வந்து பேசவும்.

சாலைப்பறவை:
டீசல்தான், எழுத விட்டுப்போயிற்று. 1.1 லட்சம் கிலோமீட்டர். வேலைக்குப் போக வர மொத்தமே பதினைந்து கிலோமீட்டர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாயிற்று, விளக்கு அப்படியேதான் எரிகிறது.

கியர்பாக்ஸ்பித்தன்:
டிபிஎஃப்பை அறுத்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெறும் டப்பாவை வெல்டிங் வைத்துவிடுங்கள், எஞ்சினை இயக்குகிற கம்ப்யூட்டரான இசியூவையும் மாற்றி எழுதிவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தொல்லை இல்லை.

நாலாவதுகியர்:
அதைச் செய்யாதீர்கள். பல நாடுகளில் சட்டப்படி குற்றம், புகைப் பரிசோதனையில் மாட்டும், நாளைக்கு வாங்க வருகிறவரும் ஸ்கேனர் போட்டால் கண்டுபிடித்துவிடுவார். அதைவிட முக்கியம், அந்தக் கரியை நமக்குப் பின்னால் வருகிறவர்கள் மூச்சில் இழுக்க வேண்டியிருக்கும்.

சாலைப்பறவை, ஒரு மணி நேரம் ஹைவேயில் ஓட்டியும் அணையவில்லை என்றால் ரிஜெனரேஷன் தொடங்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். அது தொடங்கச் சில நிபந்தனைகள் உண்டு. டேங்கில் டீசல் ரிசர்வுக்குப் போயிருந்தால் பல வண்டிகள் தொடங்காது. எஞ்சின் லைட் எரிந்தாலும் தொடங்காது. எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவம் போதுமான சூட்டுக்கு வரவில்லை என்றாலும் தொடங்காது, மைலேஜ் இறங்கியது என்று சொன்னதால் எனக்கு இதில்தான் சந்தேகம். கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற வால்வுதான் தெர்மோஸ்டாட், அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் சூடேறவே ஏறாது, அதனால் கூடுதல் டீசல் குடிக்கும், ரிஜெனரேஷனும் நடக்காது. மீட்டர் முள்ளை நம்ப வேண்டாம், பல வண்டிகளில் அது நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். ஸ்கேனரில் ஓடும்போது கூலன்ட் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பாருங்கள். நன்றாக ஓடிய பிறகும் 70ஐத் தாண்டவில்லை என்றால் அதுதான் காரணம்.

அப்புறம் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். பாதியில் நின்ற ரிஜெனரேஷனில் எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். அளவு கூடி டீசல் வாசனையும் அடித்தால் ஆயிலை உடனே மாற்றுங்கள், நீர்த்த ஆயிலோடு ஓட்டினால் டர்போவும் பேரிங்கும்தான் அடிவாங்கும்.

ஸ்பேனர்:
தெர்மோஸ்டாட் அவ்வளவு சீக்கிரம் போகாது. என் அனுபவத்தில், வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்கிற டிஃபரென்ஷியல் பிரஷர் சென்சாருக்குப் போகிற ரப்பர் குழாய்தான் வெடித்திருக்கும். வடிகட்டி நன்றாகவே இருக்கும், சென்சார் பொய் சொல்லும்.

நாலாவதுகியர்:
அதையும் பார்க்கட்டும், குழாய்க்குச் செலவு ஒன்றுமில்லை. சின்னச் சாமானில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியாகத்தான் வடிகட்டிக்குப் போக வேண்டும்.

டர்போராஜா:
இதனால்தான் நான் பெட்ரோல் பக்கம் போனேன். தினம் பதினைந்து கிலோமீட்டருக்கு டீசல் எதற்கு? மைலேஜில் மிச்சம் பிடிக்கிறதை ஒரே இன்ஜெக்டர் செட் விழுங்கிவிடும்.

கரும்புகை:
பெட்ரோல் ஒழுங்கா? பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற டைரக்ட் இன்ஜெக்ஷன் வந்த பிறகு இன்டேக் வால்வில் கார்பன் படிகிறது, புது மாடல்கள் சிலவற்றில் பெட்ரோலுக்கே வடிகட்டி வைக்கிறார்கள். மலைப்பாதையில் நாலு பேரோடு ஏறிப்பாருங்கள், டீசலின் இழுவை தெரியும்.

நாலாவதுகியர்:
இழுவையைப் பற்றி எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, டீசல் ஓட்டுவது தனிச் சுகம். ஆனால் வண்டி வைத்திருக்கும் செலவை எல்லோரும் மைலேஜை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். புது வண்டியில் முதல் சில வருடம் பெரிய செலவு விலை இறங்குவதுதான், எரிபொருள்கூட அதற்கு அப்புறம். பழைய வண்டியில் அந்த இறக்கம் குறைந்துவிடும், ஆனால் டர்போ, எஞ்சின் அதிர்வை அடக்குகிற டூயல் மாஸ் ஃப்ளைவீல், டிபிஎஃப் என்று ஒவ்வொன்றாக வரிசையில் நிற்கும். வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காமல் டீசலா பெட்ரோலா என்று சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை. நீண்ட ஓட்டம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டீசல், இல்லையென்றால் பெட்ரோல் அல்லது ஹைப்ரிட்.

டர்போராஜா:
ஹைப்ரிட் பேட்டரி போனால் யார் கட்டுவது?

ஸ்பேனர்:
தலைப்பை விட்டு வெகுதூரம் போயாயிற்று. கேட்டவர் இருக்கிறாரா?

சாலைப்பறவை:
தெர்மோஸ்டாட்தான். வேறு இடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள், கூலன்ட் 64ஐத் தாண்டவில்லை. எரர் கோடு பி0128, கூலன்ட் தேவையான சூட்டுக்கு வரவில்லை என்று அர்த்தமாம். மாற்றியாயிற்று, அவர்களே ரிஜெனரேஷனும் ஓட்டினார்கள், விளக்கு அணைந்தது. ஆயிலும் மாற்றிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

நாலாவதுகியர்:
மகிழ்ச்சி. அந்த ஸ்கேனரில் சாம்பல் அளவு எத்தனை காட்டியது? கரி எரிந்துபோகும், ஆயிலிலிருந்து வருகிற சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கும். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம். ஆயில் சாம்பல் குறைவாக வருகிற லோ ஆஷ் வகைதானா, டப்பாவில் ஏசிஇஏ (ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கம்) சி3 மாதிரி சி வரிசைத் தரம் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், உங்கள் எஞ்சினுக்கு எது என்று கையேட்டில் இருக்கும்.

ஸ்பேனர்:
பிரஷர் சென்சார் குழாயையும் பார்த்தார்களா?