பாகு காய்ச்சும் கொட்டகைக்குத் தரை: ஜல்லியா, கான்கிரீட்டா?

மேப்பிள்காடு:
கனடாவின் ஒன்டாரியோவில் லனார்க் பக்கம் 16க்கு 24 அடியில் மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டகை போடுகிறோம். சாறு எடுக்க மேப்பிள் மரங்களில் 300 துளை, விறகு அடுப்பு, களிமண் நிலம். பலகை, ஜல்லி, கான்கிரீட் மூன்றில் எந்தத் தரை நல்லது?

கல்தச்சன்:
பலகை வேண்டவே வேண்டாம். 1 லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாறு காய்ச்சுகிறீர்கள்; மீதியெல்லாம் ஆவி. கூரையில் பட்டுச் சொட்டும். அடுப்பு வாயிலிருந்து தணலும் விழும். கான்கிரீட்தான் சரி. பொதுவாக 4 அங்குலம், அடுப்புக்குக் கீழே 6. வடிகாலைப் பார்த்து மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம். சிந்திய சாறு அப்படியே கிடந்தால் புளித்து நாறும். ஜல்லியை எப்படிக் கழுவுவது?

வடகாற்று:
அண்ணா, களிமண் என்கிறாரே, அதைக் கவனியுங்கள். அங்கே குளிரில் நிலம் ஒரு மீட்டருக்கும் கீழே உறையும். களியில் தங்கிய நீர் பனிக்கட்டியாகும்போது தளத்தையே தூக்கிவிடும். காய்ச்சுவது பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரைதான். மற்ற குளிர் நாளெல்லாம் கொட்டகையில் சூடே இருக்காது. வெடித்த தளத்தை என்ன செய்வது? ஜல்லி என்றால் இன்னும் கொஞ்சம் கொட்டி நிரவினால் முடிந்தது. அடுப்புக்கு மட்டும் ஒரு கான்கிரீட் மேடை போதும்.

கல்தச்சன்:
அந்த மேடையும் அதே களிமண்மேல்தானே நிற்கப்போகிறது? அடுப்பின் மேல் காய்ச்சும் தட்டில் சாறு ஓரிரண்டு அங்குல ஆழம்தான். அடுப்பு சாய்ந்தால் மேடான மூலையில் பாகு தீய்ந்து தட்டு கெடும். தூக்குவது அடியில் நிற்கும் தண்ணீர். களியை வெட்டியெடுத்து, உடைகல் போட்டுத் திமிசு அடித்து, சுற்றிலும் துளைக்குழாய் பதித்துத் தண்ணீரை வெளியே விடுங்கள். காற்றுக்குமிழ் சேர்த்த கான்கிரீட்டாகக் கேளுங்கள். உறைந்து உருகுவதை அதுதான் தாங்கும்.

வடகாற்று:
மேடைக்கு இத்தனையும் செய்யட்டும், சரி. 384 சதுர அடிக்கும் எதற்கு? 300 துளைக்கு நல்ல பருவத்தில் 300 லிட்டர் பாகு கிடைக்கும். அந்த வருமானத்துக்கு இந்தச் செலவு தாங்காது. சின்ன மேடை கொஞ்சம் அசைந்தாலும் ரசமட்டம் வைத்து அடுப்பின் அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். பெரிய தளம் உடைந்தால் வழியே இல்லை.

பனிமலர்:
வடகாற்று, வடிகட்டிப் புட்டியில் அடைப்பதும் அதே கூரையின் கீழ்தான். உணவு விற்கிறோம், அங்கே ஜல்லித் தூசியை என்னால் ஏற்க முடியாது. மேடையோடு அந்தப் பக்கத்தையும் கான்கிரீட்டாக்கிவிட்டு, விறகு அடுக்கும் பக்கத்தை ஜல்லியாக விடலாம். கல்தச்சன் அண்ணா சொன்ன வாட்டம் அடுப்புக்குக் கீழே மட்டும் கூடாது, அங்கே மட்டமாக இருக்கட்டும். மேற்பரப்பைத் துடைப்பம் இழுத்துச் சொரசொரப்பாக்குங்கள், ஈரத்தில் வழுக்காது.

வடகாற்று:
விறகுப் பக்கம் ஜல்லி என்றால் எனக்குச் சம்மதம்.

கல்தச்சன்:
எனக்கு இல்லை. இரண்டு தரை சேரும் இடத்தில்தான் தண்ணீர் இறங்கும். மேப்பிள்காடு, முதலில் ஒரு குழி வெட்டி, மழைக்குப் பிறகு தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.