மாநாட்டு இரைச்சலில் கொஞ்சம் அமைதி கிடைக்க என்ன செய்கிறீர்கள்?

நண்பர்களே, ஒரு உதவி. வருடாவருடம் போகும் தொழில்நுட்ப மாநாடு அடுத்த மாதம் வருகிறது, மூன்று நாள். போன தடவை இரண்டாம் நாள் மதியமே தலை கிறுகிறுத்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் யாரோ கொடுத்த ஸ்டிக்கர்கள், சார்ஜ் தீர்ந்த போன். கொஞ்ச நேரத்தில் இன்னொருவரும் அங்கே வந்து உட்கார்ந்தார். மாதக்கணக்காகத் தேடிப் பிடித்த ஒரு பிழையைப் பற்றி அவர் சொன்ன அரைமணி நேரம்தான் அந்த மாநாட்டிலேயே எனக்கு உருப்படியாகக் கிடைத்தது. ஊர் திரும்பியதும் கிடப்பில் கிடந்த என் வேலையை அந்த வேகத்திலேயே முடித்தேன்.

ஹாரிசன் ஓவன் 1985-இல் தொடங்கிய, வந்தவர்களே நிகழ்ச்சி நிரலை அமைத்துக்கொள்ளும் 'ஓப்பன் ஸ்பேஸ்' என்ற கூட்ட முறையில் 'இரண்டு கால் விதி' என்று ஒன்று உண்டு: கற்கவும் இல்லை, பங்களிக்கவும் இல்லை என்றால் எழுந்து வேறு இடம் போய்விடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உரை நடுவே எழுந்து போக எனக்குக் கூச்சம். பைத்தான் நிரல்மொழிக்காரர்களின் பைகான் மாநாடு மாதிரி அமைதி அறையும் இங்கே கிடையாது.

ஒரு நாளைக்கு எத்தனை உரை கேட்பீர்கள்? பிறகு காணொளியாக வருவதை விட்டுவிடலாமா? நடுவில் எங்கே ஒதுங்குவீர்கள்? அப்புறம், காதடைப்பான் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் திமிர் என்று நினைப்பார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.