கிம்பர்லிப் பக்கம் போனவர்கள், வழியில் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஜூலை விடுமுறையில் பெர்த்திலிருந்து காரிலேயே மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியான கிம்பர்லிக்குக் கிளம்பி, ப்ரூம் போய், அங்கிருந்து கிப் ரிவர் ரோடு பிடித்து குனுனர்ரா வரை போவதாக வீட்டில் முடிவாகிவிட்டது. பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்கிற பட்டியல் வேண்டாம், அது எங்கேயும் கிடைக்கிறது. அங்கே யாரைப் பார்த்தீர்கள், எது உங்களை நிறுத்தி வைத்தது, அதைச் சொல்லுங்கள்.

*

எங்களை நிறுத்தி வைத்தது தண்ணீர்தான், அதுவும் மழையே இல்லாத மாதத்தில். கிப் ரிவர் ரோடு மொத்தம் 660 கிலோமீட்டர், பண்ணை மாடுகளை லாரியில் ஏற்றிப் போவதற்காகப் போட்ட மண் ரோடு. பெரும்பகுதி தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கும், டயரில் காற்றைக் குறைக்காமல் ஓட்டினால் பல்லெல்லாம் ஆடும். வழியில் ஆறுகளுக்குப் பாலம் அதிகம் கிடையாது, இறங்கித்தான் ஏற வேண்டும்.

மற்ற ஆறுகளில் ஒருவர் நடந்துபோய் ஆழம் முழங்காலா தொடையா என்று பார்த்துவிட்டு வண்டியை விடுவது வழக்கம். பென்டிகாஸ்ட் ஆற்றில் அது கூடாது, உப்புநீர் முதலை இருக்கிறது. அதனால் கரையில் நின்று இன்னொரு வண்டி கடப்பதைப் பார்த்துத்தான் ஆழத்தைக் கணிக்க வேண்டும். எல்லோரும் இப்படியே நினைத்தால் யார் முதலில் இறங்குவது? நாங்கள் போனபோது இரண்டு கரையிலும் வண்டிகள் நின்றன, ஒருவரும் அசையவில்லை. எழுபது வயது இருக்கும் ஒரு தம்பதி மடக்கு நாற்காலியைப் போட்டு, அடுப்பு பற்றவைத்து, டீயே போட்டுவிட்டார்கள். ஓய்வு பெற்றதும் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் கேரவனோடு சுற்றுகிறவர்கள், இவர்களை அங்கே கிரே நோமட் என்பார்கள். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா இரண்டு கோப்பை கூடுதலாக எடுத்து வைத்தார். அவர் கணவர் என்னிடம், லோ ரேஞ்சில் (வண்டி மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் நிலை) இரண்டாவது கியர், நடுவில் கியர் மாற்றாதே, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காதே, அக்கரை ஏறியதும் பிரேக்கை நாலு தடவை மிதித்துக் காயவை என்று சொல்லிவிட்டு, டீயை முடித்து, கோப்பையைக் கழுவி அடுக்கிவிட்டுத்தான் முதல் ஆளாக இறங்கினார். ஆற்றுக்கு அடியில் முழுக்க உருண்டைக் கற்கள், அவர் வண்டி இடமும் வலமுமாகத் தள்ளாடியதைப் பார்க்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் வரவில்லை. அப்புறம் என்ன, வரிசையாக எல்லோரும் கடந்தோம்.

இன்னொரு இடம் மேனிங் கார்ஜ் என்கிற பள்ளத்தாக்கு, மவுண்ட் பார்னெட் ரோட்ஹவுஸுக்கு, அதாவது பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் வழியோரக் கடைக்குப் பக்கத்தில். அருவிக்கு நடக்க வேண்டுமானால் முதலில் ஆற்றை நீந்த வேண்டும். கரையில் தெர்மோகோல் பெட்டிகள் கிடக்கும், மீன் வண்டியில் ஐஸ் போட்டு வருமே அதே பெட்டி. செருப்பு, போன், சாப்பாடு எல்லாவற்றையும் அதில் போட்டு முன்னால் தள்ளிக்கொண்டே நீந்திப் போகலாம். என் மனைவிக்கு நீச்சல் அவ்வளவாக வராது, முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன் பெண் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

*

முதலை என்றதும் பயந்து திட்டத்தை மாற்றிவிடாதீர்கள். வின்ஜானா கார்ஜில் இருப்பவை நன்னீர் முதலைகள், மூக்கு ஒல்லியாக நீண்டிருக்கும், நாம் போய்ச் சீண்டாதவரை அவை நம்மைச் சட்டை செய்வதில்லை. மணலில் பத்தும் இருபதுமாகப் படுத்துக் கிடக்கும். அந்தச் சுண்ணாம்புப் பாறைச் சுவர் ஒரு காலத்தில் கடலுக்குள் இருந்த திட்டு, 35 கோடி வருடத்துக்கு மேல் பழையது.

அங்கே கட்டாயம் பூனுபா என்கிற பூர்வகுடி இனத்து வழிகாட்டி ஒருவரோடு போங்கள், அது அவர்கள் மண். எங்களோடு வந்தவர் பக்கத்திலுள்ள டனல் க்ரீக் குகைக்குள் கூட்டிப்போனார், முக்கால் கிலோமீட்டர், இருட்டு, இடுப்பளவு தண்ணீர் கூட வரலாம், தலைக்கு மேல் வௌவால். ஜண்டமாரா என்கிற அவர்கள் இனத்து வீரன் வெள்ளைக்காரப் போலீஸை மூன்று வருடம் இந்த மலைகளில் அலையவிட்டு, 1897இல் இந்தக் குகைக்கு அருகில்தான் சுடப்பட்டுச் செத்தான். இதைச் சொல்லும்போது அவர் குரலை ஏற்றவும் இல்லை இறக்கவும் இல்லை, சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். டார்ச்சை அணைக்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் நிற்க வைத்தார். என் பையன் பத்து நொடியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான், அது வேறு கதை.

*

ப்ரூமை விட்டுவிட்டீர்களே! எல்லோரும் கேபிள் பீச்சில் ஒட்டகச் சவாரி போய் சூரியன் மறைவதைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்புங்கள், ஆனால் அதற்கு முன் ஓத அட்டவணை ஒன்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே கடல் ஏறி இறங்குவது 9, 10 மீட்டர் வரை போகும், டெர்பியில் அதைவிட அதிகம். நன்றாக வற்றும் நாளில் ரோபக் விரிகுடாவில் சேற்றில் நடந்துபோனால் கடல் விமானங்களின் சிதைந்த எலும்புக்கூடுகளைப் பார்க்கலாம். 1942 மார்ச் 3 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்து சுட்டுப் பொசுக்கியவை, ஜாவாவிலிருந்து தப்பி வந்த பெண்களும் குழந்தைகளும் அவற்றுக்குள் இருந்தார்கள். கடல் திரும்பி வரும் வேகம் தெரியாமல் அங்கே நின்று வேடிக்கை பார்க்காதீர்கள்.

நான் பேசிக்கொண்டிருந்தது ஜப்பானியர் கல்லறையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம். முத்துச்சிப்பி எடுக்க வந்து செத்தவர்கள் 900 பேருக்கு மேல் அங்கே கிடக்கிறார்கள். கடலடியிலிருந்து அவசரமாக மேலே ஏறியதில் உடம்பு முடங்கிச் செத்தவர்கள் உண்டு, புயலில் படகோடு போனவர்கள் உண்டு. அந்தப் பெண்ணின் பாட்டனார் ஜப்பானியர், பாட்டி பூர்வகுடி, இன்னொரு பக்கம் மலாய்க்காரர், ப்ரூமில் இது சாதாரணம். நான் தூத்துக்குடிக்காரன், எங்கள் ஊரிலும் முத்துக்குளித்தவர்கள் உண்டு என்றேன். உங்கள் ஆட்கள் தலையில் செப்புக் கவசம் மாட்டிக்கொண்டா இறங்கினார்கள் என்று கேட்டார். இல்லை, கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி இறங்குவார்கள் என்றதும் கையில் இருந்த புல்லைக் கீழே போட்டுவிட்டு முழுசாக விசாரித்தார்.

*

ஜூலையில் போகிறவர்களுக்கு அந்த ஊரின் மறுபாதி தெரியாது. நான் நர்ஸ், 2023 ஜனவரியில் டெர்பியில் வேலையில் இருந்தேன். எல்லி புயல் வலுவிழந்து உள்நாட்டில் மழையாகக் கொட்டி ஃபிட்ஸ்ராய் ஆறு பொங்கியது, ஃபிட்ஸ்ராய் க்ராஸிங் பாலம் போய்விட்டது. கிம்பர்லியைக் குறுக்காகக் கடக்கும் தார் ரோடு அந்தப் பாலம் வழியாகப் போவது ஒன்றுதான். பெர்த்திலிருந்து குனுனர்ராவுக்கு அரிசி பருப்பு போக வேண்டுமானால் லாரி தெற்கு ஆஸ்திரேலியா வழியாக நாட்டையே சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பிறகு ஆற்றில் தற்காலிக வழி போட்டார்கள், புதுப் பாலம் டிசம்பரில்தான் திறந்தது.

கிராமங்களிலிருந்து ஹெலிகாப்டரில் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஒரு வயதான பூர்வகுடி அம்மா, கால் புண்ணுக்குக் கட்டுப்போட என்னிடம் வந்தவர், வீடு என்ன ஆனது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, விட்டுவிட்டு வந்த நாய்களைப் பற்றித்தான் கேட்டார். ஒவ்வொரு தடவை கட்டு மாற்றும்போதும் நாய்களின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்பார். பிறகு அவர் உறவுக்காரப் பையன் ஒருவன் போனில் ஒரு படம் கொண்டுவந்து காட்டினான், மேட்டில் ஒரு லாரிமேல் மூன்று நாய்கள். நாலாவது எங்கே என்றார்.

*

பெர்த்திலிருந்து காரில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் இது. போர்ட் ஹெட்லண்டிலிருந்து ப்ரூம் வரை 600 கிலோமீட்டர், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கிரேட் சாண்டி பாலைவனம், இரண்டுமே ரோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாது, முள்ளும் சிவப்பு மண்ணும்தான். நடுவில் சான்ட்ஃபயர் ரோட்ஹவுஸ். அங்கே ஒரு ரோடு ட்ரெயின், அதாவது பல பெட்டிகளைக் கோத்து இழுக்கும் லாரியின் டிரைவரோடு சாப்பிட்டேன். அவர் வண்டி 53 மீட்டர் நீளம், முந்துவதென்றால் எதிரே ஒரு கிலோமீட்டராவது காலியாகத் தெரிய வேண்டும், நான் ஒதுங்கி வழிவிடுவேன் என்று எதிர்பார்க்காதே, ஓரத்து மண்ணில் இறங்கினால் கடைசிப் பெட்டி என் பேச்சைக் கேட்காது என்றார். மாலை ஐந்துக்கு மேல் ஓட்டாதே என்றும் சொன்னார். ஜூலையில் ஐந்தரைக்கெல்லாம் அங்கே சூரியன் விழுந்துவிடும், வேலி இல்லாத பண்ணைகளிலிருந்து மாடுகள் ரோட்டுக்கு வந்துவிடும், கறுப்பு மாடு பக்கத்தில் வரும்வரை தெரியவே தெரியாது. வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள், இருட்டில் மாட்டை இடித்தால் இன்ஷூரன்ஸ் கிடையாது என்று பல கம்பெனிகள் போட்டிருப்பார்கள்.