பங்குப் பள்ளியைத் தாங்கியது கொள்கையா, கன்னியர் உழைப்பா?

ஏட்டுச்சுவடி:
1960களின் நடுவில் அமெரிக்காவில் ஏறத்தாழ 13,000 கத்தோலிக்கப் பள்ளிகள், 50 லட்சத்துக்கு மேல் பிள்ளைகள். பெரும்பாலானவை பங்குப் பள்ளிகள், அதாவது ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும் கொண்ட 'பங்கு' நடத்துபவை. பிறகு வந்த சரிவுக்குக் கொள்கைத் தளர்ச்சிதான் காரணம் என்பது என் கட்சி. ஒவ்வொரு கோயிலுக்கும் அருகே இரண்டு ஆண்டுக்குள் பள்ளி எழ வேண்டும் என்று 1884இல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர் பேரவை ஆணையிட்டது. அதில் பெரும் அலட்சியம் காட்டும் பங்குத்தந்தையை நீக்கவும் வழி வைத்தது. ஞானோபதேசம் எனும் மறைக்கல்வி ஒரு பாடவேளையோடு முடியாமல் வாசிப்பு, வரலாறு எல்லாவற்றிலும் ஊடாட வேண்டும் என்ற பிடிப்பு அன்று இருந்தது. பிடிப்பு போனது, பள்ளியும் போனது.

கணக்குப்பிள்ளை:
ஆணை போட்டால் பள்ளி நடந்துவிடாது ஐயா. பங்கின் வரவு செலவைப் பாருங்கள். 1960இல்கூட ஆசிரியர்களில் நான்கில் மூன்று பங்கு துறவியர், அதிலும் பெரும்பாலோர் அருட்சகோதரிகள். அவர்களுக்குத் தங்க மடம், சிறு மாதப்படி. அந்தப் படியும் அவர்களின் துறவற சபைக்கே போகும். அதனால்தான் ஞாயிறு காணிக்கையிலேயே பள்ளி ஓடியது. ஒரு வகுப்பில் 50 பிள்ளைகளுக்கு மேல் சர்வசாதாரணம். 421 கேள்வி-பதில் கொண்ட பால்டிமோர் ஞானோபதேச நூலைக் கோரஸாக ஒப்பிக்க அது போதும். தனித்தனியே கவனித்துக் கற்பிக்கப் போதாது.

பல சகோதரிகள் பட்டம் முடிக்காமலே வகுப்பெடுத்தார்கள். கோடை விடுமுறைதோறும் படித்துப் பட்டம் வாங்க 20 ஆண்டுகூட ஆகும். முதலில் படிப்பு, பிறகு வகுப்பு என்று 1954இல் தொடங்கிய சகோதரிகள் பயிற்சி இயக்கம் வலியுறுத்தியது. நியாயமான கோரிக்கை. ஆனால் வகுப்புக்கு ஆள் குறைந்தது. 1965க்குப் பிறகு துறவறத்துக்கு வருவோரும் குறைய, துறவியரல்லாத பொதுநிலை ஆசிரியருக்குக் குடும்பம் நடத்தும் அளவு சம்பளம், ஓய்வூதியம் என்று செலவு ஏறியது. அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசே தர பென்சில்வேனியாவும் ரோட் ஐலண்டும் இயற்றிய சட்டங்களை 1971இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மிஞ்சியது கல்விக் கட்டணம்தான்.

ஏட்டுச்சுவடி:
பணமே எல்லாம் என்றால் ஃபாரிபோல்ட் ஊரில் செய்த ஏற்பாடு ஏன் எதிர்ப்பைச் சந்தித்தது? 1891இல் மினசோட்டாவில் பேராயர் ஜான் அயர்லண்ட் அங்கிருந்த பங்குப் பள்ளியை ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகைக்கு அரசுப் பள்ளி வாரியத்திடம் விட்டார். அதே சகோதரிகள்தான் கற்பித்தார்கள், சம்பளம் வாரியத்துடையது. ஒரே நிபந்தனை, பள்ளி நேரத்தில் மறைக்கல்வி கிடையாது. சக ஆயர்களே கொதித்தெழுந்தார்கள். 1892இல் உரோமைத் திருச்சபைத் தலைமை "பொறுத்துக்கொள்ளலாம்" என்றதோடு சரி. சில ஆண்டுகளில் ஏற்பாடு முறிந்தது.

ஆற்றங்கரை:
இருவரும் 1844ஐ விட்டுவிட்டீர்கள். ஃபிலடெல்ஃபியா அரசுப் பள்ளிகளில் புராட்டஸ்டண்ட் விவிலியமே வாசிக்கப்பட்டது. கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் விவிலியத்தை வாசிக்க ஆயர் கென்ரிக் அனுமதி கேட்டார். அந்தப் பகை முற்றிக் கலவரமாகி இரண்டு கோயில்கள் எரிந்தன. பங்குப் பள்ளி முதலில் ஒரு தற்காப்பு அரண். நாள்தோறும் பத்து விவிலிய வசனம் வாசிக்கச் சொன்ன அதே பென்சில்வேனியாவின் சட்டத்தை 1963இல் உச்ச நீதிமன்றம் தள்ளியதும், பழைய அச்சத்துக்கு வேலையில்லாமல் போனது.

ஏட்டுச்சுவடி:
அச்சம் மட்டும்தான் என்றால் கான்சாஸின் விச்சிட்டா மறைமாவட்டத்தை (ஓர் ஆயரின் கீழுள்ள பங்குகளின் தொகுதி) எப்படி விளக்குவீர்கள்? பங்கு வாழ்வில் பங்கெடுத்து, வருமானத்துக்கேற்ற காணிக்கை தரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கே உயர்நிலை வரை கட்டணமே இல்லை. பிள்ளையில்லாத முதியவரின் காணிக்கையும் பள்ளிக்குப் போகிறது. நம்பிக்கை இல்லாமலா கொடுக்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
கொடுக்க ஆள் இருக்கிறார்கள், கொடுக்கிறார்கள். குடும்பங்கள் புறநகருக்குப் போய், ஞாயிறு திருப்பலிக்கே கூட்டமில்லாத பழைய நகரப் பங்குக்கு அந்த வழி உதவுமா? அங்கே கூரையையும் கொதிகலனையும் பழுதுபார்க்கவே காணிக்கை போதவில்லை.